பழைய புல்லட் வீலைப் புது புல்லட்டில் மாட்டலாமா? பேரிங் மாற்றினால் போதுமா?

சிவகங்கை கதிர்:
வணக்கம். என்னிடம் இருப்பது ஜே வரிசை எஞ்சின் வந்த புது புல்லட் 350. முன்னால் 300 மிமீ டிஸ்க், பின்னால் 270 மிமீ டிஸ்க், இரண்டு பக்கமும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). அப்பா ஓட்டிய பழைய ஸ்டாண்டர்ட் புல்லட்டின் சேஸிஸ் இற்றுப்போய்விட்டது. ஆனால் வீல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டுமே 19 இஞ்ச், முன்னால் 7 இஞ்ச் டிரம். குரோம் இன்னும் உரியவில்லை. இந்த வீல்களைப் புது வண்டியில் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

முன் வீலை வைத்துப் பார்த்தேன். ஆக்ஸில் (வீலின் நடுவில் நுழையும் தண்டு) பேரிங்கோடு பொருந்தவில்லை. இங்கே உள்ள மெக்கானிக் "பேரிங்கை மட்டும் மாத்திட்டா ஏறிடும்" என்கிறார். எந்த நம்பர் பேரிங் வாங்குவது? ஆக்ஸில் மேல் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டும் சரிசெய்யலாமா?

திருச்சி பேரிங் கடை:
தம்பி, மாடல் பெயரைச் சொல்லிப் பேரிங் கேட்காதீர்கள், வெர்னியரை (நுட்பமாக அளக்கும் அளவுகோலை) எடுங்கள். மூன்று அளவு போதும்: ஆக்ஸில் விட்டம், ஹப்பில் (வீலின் நடுப்பகுதியில்) பேரிங் உட்காரும் குழியின் விட்டம், குழியின் ஆழம்.

பேரிங் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம்தான் உள்விட்டத்தைச் சொல்லும். 00 என்றால் 10 மிமீ, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 04 என்றால் 20, 05 என்றால் 25. அதற்கு முன்னால் உள்ள இலக்கம் பேரிங் எவ்வளவு தடிமன் என்பதைக் காட்டும். 60 மெல்லியது, 62 நடுத்தரம், 63 கனமானது.

இதில் நமக்குக் கைகொடுக்கும் ஜோடிகள் சில உண்டு. 6303 என்பது 17 x 47 x 14. 6204 என்பது 20 x 47 x 14. வெளிவிட்டமும் அகலமும் ஒன்றே, ஓட்டை மட்டும் 3 மிமீ பெரியது. அதேபோல 6302 என்பது 15 x 42 x 13, 6004 என்பது 20 x 42 x 12. இங்கே 1 மிமீ வாஷர் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 6203 உட்கார்ந்த ஹப்பில் (17 x 40 x 12) 15 மிமீ ஆக்ஸில் போட வேண்டும் என்றால் வழக்கமான வரிசையில் ஜோடி கிடையாது. 6202-க்கு வெளிவிட்டம் 35, 6302-க்கு 42. 40-க்கு எதுவும் வராது.

அளந்து எழுதுங்கள், நம்பர் சொல்கிறேன்.

பீளமேடு லேத்:
கதிர் தம்பி, பேரிங் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்த வேலையில் பேரிங் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, அந்த டிரம் பிளேட்டை, அதாவது பிரேக் கட்டைகள் மாட்டிய, சுற்றாமல் நிற்க வேண்டிய தட்டை, எங்கே பூட்டப் போகிறீர்கள்?

டிரம் பிரேக் பிடிக்கும்போது வீலோடு சேர்ந்து பிளேட்டும் சுற்றப் பார்க்கும். பழைய புல்லட்டில் அதைப் பிடித்து நிறுத்த ஃபோர்க்கின் (முன் வீலைத் தாங்கும் இரட்டைக் கால்களின்) காலிலேயே இடம் உண்டு. உங்கள் புது வண்டி ஃபோர்க்கில் காலிபர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்டத்தான் காது இருக்கிறது, பிளேட்டைப் பூட்ட இடமில்லை.

எவ்வளவு விசை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 195 கிலோ, உங்களோடு சேர்த்து 270 என்று வையுங்கள். நன்றாகப் பிடித்தால் முன் டயர் தரையில் சுமார் 1,400 நியூட்டன் இழுக்கும். டயரின் ஆரம் 33 செமீ. ஆக ஆக்ஸிலைச் சுற்றி 460 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அதை ஆக்ஸிலிலிருந்து 7 செமீ தள்ளி ஒரே ஒரு ஆணி தாங்க வேண்டும் என்றால், அந்த ஆணியின் மேல் 6,600 நியூட்டன். அறுநூற்று எழுபது கிலோ எடை. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும்.

இதற்காக ஃபோர்க் காலில் பட்டை கிளாம்ப் போட்டு ஒரு கம்பியை இழுத்துக் கட்டித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. அந்தக் கிளாம்ப் நழுவினால் பிளேட் சுற்றும், பிரேக் கேபிள் சுருட்டிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் வீல் பூட்டிவிடும். அலுமினிய ஃபோர்க் காலில் காது வெல்ட் வைக்கச் சொல்லியும் என்னிடம் வருகிறார்கள். நான் செய்வதில்லை. பற்றவைத்த சூட்டில் வார்ப்பு எங்கே பலம் இழந்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, பழைய புல்லட்டில் ஃபோர்க் அடியில் இரண்டு கேப், ஸ்டட், நட் போட்டு ஆக்ஸிலைக் கவ்வுவோம். புது வண்டியில் ஆக்ஸிலை ஒரு பக்கமிருந்து நுழைத்து இறுக்குகிறோம். பிடிக்கும் விதமே வேறு.

ராயபுரம் ரைடர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரிப் பிரச்சினை, ஆனால் ஏபிஎஸ் இல்லாத 2014 வண்டி. பள்ளத்தில் இறங்கி முன் ஹப் விரிசல் விட்டுவிட்டது. புதுப்பேட்டையில் அதே கம்பெனியின் முந்தைய மாடல் முன் வீல் கிடைத்தது. டிஸ்க் அப்படியே உட்காருகிறது, போல்ட் வட்டம் ஒன்றுதான். காலிபருக்கு நடுவில் டிஸ்க் சரியாக வருகிறது. பழைய ஹப்பில் 6303 என்று பேரிங்கில் போட்டிருக்கிறது. என் ஆக்ஸில் 20 மிமீ. மேலே அண்ணன் சொன்ன 6204 கணக்கு எனக்கு அப்படியே பொருந்துகிறது போலிருக்கிறதே? வாங்கி அடித்துவிடலாமா?

திருச்சி பேரிங் கடை:
உங்களுக்குப் பொருந்தும். 6303 சுமார் 14 கிலோ நியூட்டன் தாங்கும், 6204 சுமார் 13. முன் வீலில் இரண்டு பேரிங் இருக்கிறது. பலம் குறைந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாம். வீல் பேரிங் பாரம் தாங்காமல் போவது அபூர்வம். தண்ணீர் புகுந்து போகும், தப்பாக அடித்துப் போகும், ஸ்பேசர் (பாகங்களுக்கு இடையில் தூரத்தைக் காக்கும் குழாய்) தப்பாகிப் போகும்.

ஒரகடம் வாசி:
நான் இரு சக்கர வண்டி பிரேக் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கதிருக்கு ஏபிஎஸ் பக்கம் சொல்கிறேன்.

உங்கள் வீலில் டிஸ்க்கோடு சேர்ந்து ஒரு பல் வளையம் சுற்றுகிறது. பக்கத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சென்சார். பல் ஒவ்வொன்றும் தாண்டும்போது ஒரு துடிப்பு போகும். ஏபிஎஸ் பெட்டிக்கு வேறு கண் கிடையாது. முன் துடிப்பையும் பின் துடிப்பையும் ஒப்பிட்டுத்தான் எந்த வீல் வழுக்குகிறது என்று முடிவெடுக்கிறது.

பழைய டிரம் ஹப்பில் இந்த வளையமே இல்லை. முன் வீலிலிருந்து துடிப்பு வராவிட்டால் விளக்கு எரியும், ஏபிஎஸ் ஒதுங்கிக்கொள்ளும். வேக முள்ளும் இந்தத் தகவலை நம்பித்தான் ஓடுகிறது. பழைய புல்லட்டில் ஹப்பிலிருந்து கேபிள் போகும், அதை மாட்ட இந்த மீட்டரில் இடமில்லை.

சிலர் வேறு வண்டியின் வளையத்தை எடுத்து ஒட்டப் பார்ப்பார்கள். அதுதான் மோசம். பல் எண்ணிக்கை குறைவான வளையம் போட்டால், முன் வீல் பின் வீலை விட மெதுவாகச் சுற்றுவதாகப் பெட்டி நினைக்கும். அப்படி நினைத்தால் நீங்கள் பிரேக்கை அழுத்தும்போது அது அழுத்தத்தை விடும். விளக்கு எரிந்து ஒதுங்கிக்கொண்டாலாவது நமக்குத் தெரியும். எரியாமல் தப்புக் கணக்குப் போட்டால்தான் ஆபத்து.

வீல் பேரிங்கில் ஆட்டம் வந்தாலும் இந்த இடைவெளி கூடிக் குறையும். ஏபிஎஸ் விளக்கு அவ்வப்போது எரிகிறது என்று சென்சாரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் வீலை ஆட்டிப் பாருங்கள்.

சிவகங்கை கதிர்:
விவரமாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா அந்த வண்டியை ஏபிஎஸ் இல்லாமல், டிரம் பிரேக்கிலேயே கொடைக்கானல் மலை வரைக்கும் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பழைய ஃபோர்க்கும் என்னிடம் இருக்கிறது. ஏபிஎஸ்ஸை மொத்தமாக எடுத்துவிட்டு, ஃபோர்க்கோடு சேர்த்துப் பழைய முன்பக்கத்தையே மாட்டினால் என்ன? லேத் அண்ணா சொன்ன பிளேட் பிரச்சினையும் தீர்ந்துவிடுமே.

பீளமேடு லேத்:
பிளேட் பிரச்சினை தீரும், வேறு ஆரம்பிக்கும். ஸ்டியரிங் தண்டு நீளம், அதன் பேரிங், இரண்டு ஃபோர்க் காலுக்கும் நடுவில் உள்ள தூரம், ஃபோர்க் முன்னால் தள்ளியிருக்கும் அளவு, எல்லாம் வேறு. ஃபோர்க் உயரம் கொஞ்சம் மாறினாலே ஹேண்டில் திரும்பும் குணம் மாறிவிடும். அப்பா ஓட்டிய வண்டி அந்த ஃபோர்க்குக்காகவே கட்டப்பட்ட வண்டி, அதனால்தான் மலையேறி இறங்கியது. நல்ல பாகம் இரண்டைச் சேர்த்தால் நல்ல வண்டி வரும் என்று இல்லை.

மாவட்ட நீதிமன்றம் பக்கம்:
சட்டத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே தயாரிப்பில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ராயபுரம் நண்பர் செய்வது உடைந்த பாகத்துக்குப் பதிலாக அதே வகைப் பாகம். பிரேக்கும் மாறவில்லை, டயர் அளவும் மாறவில்லை. கதிர் கேட்பது பிரேக்கின் அமைப்பையே மாற்றுவது. விபத்து என்று ஒன்று நடந்து, எதிரில் இருப்பவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எடுத்துவைக்கப் போகும் வாதம் அதுதான். குடும்பத்தை நினைத்துச் சொல்கிறேன்.

ராயபுரம் ரைடர்:
என் கேள்விக்கு வருகிறேன். 6204 இரண்டு வாங்கிவிட்டேன். ஹப்புக்குள் ஒரு குழாய் இருந்தது, பழைய 17 மிமீ ஆக்ஸிலுக்கானது. என் ஆக்ஸில் அதில் நுழையாது. மெக்கானிக், "அந்தக் குழாய் சும்மா கிரீஸ் வெளியே வராமல் இருக்கத்தான், இல்லாமலும் ஓட்டலாம்" என்கிறார். சரியா?

பீளமேடு லேத்:
இல்லவே இல்லை. தயவுசெய்து அந்தக் குழாய் இல்லாமல் ஆக்ஸிலை இறுக்காதீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பட்டறைக்கு வரும் கெட்டுப்போன பேரிங்குகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தப்பைத்தான்.

ஆக்ஸில் நட்டை இறுக்கினால் அந்த இறுக்கம் எங்கே போகிறது? ஃபோர்க் கால், வெளி ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம், நடுக் குழாய், அடுத்த பேரிங்கின் உள்வளையம், அந்தப் பக்க ஸ்பேசர், அடுத்த ஃபோர்க் கால். இந்த வரிசை முழுக்க இரும்போடு இரும்பு முட்டி நிற்க வேண்டும். நடுக் குழாய் இல்லை என்றால், அல்லது அரை மில்லிமீட்டர் குட்டை என்றால், இரண்டு உள்வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். வெளிவளையம் ஹப்பில் நின்றுவிடும். குண்டுகள் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஏறி ஓடும். கையால் சுற்றினால் வீல் கொஞ்சம் கனமாகச் சுற்றும், "புது பேரிங், பழகிடும்" என்பார்கள். பழகாது. சூடாகும், கிரீஸ் உருகும், அப்புறம் இரைச்சல்.

குழாய் ரொம்ப நீளமானாலும் தப்பு. இரண்டாவது பேரிங் தன் குழியின் அடியைத் தொடாமல் நிற்கும். ஹப் பக்கவாட்டில் நகர இடம் கிடைக்கும்.

இப்போது அளவு எடுக்கும் முறை. ஹப்பின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை மொத்த அகலத்தை எடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமும் முகத்திலிருந்து பேரிங் உட்காரும் படி வரை ஆழம் எடுங்கள். வெர்னியரின் வால் இதற்குத்தான். மொத்தத்திலிருந்து இரண்டு ஆழத்தையும் கழித்தால் ஒரு படிக்கும் மறு படிக்கும் நடுவில் உள்ள தூரம். உதாரணத்துக்கு மொத்தம் 92.0, ஒரு பக்கம் 16.0, மறு பக்கம் 14.0 என்றால் மீதி 62.0. குழாயை 62.1 முதல் 62.2 வரை கடையச் சொல்லுங்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பது நல்லது. இறுக்கம் முழுக்கக் குழாய் மேல் விழும், குண்டுகள் மேல் விழாது.

குழாயின் உள்விட்டம் 20.2, ஆக்ஸில் வழுக்கி நுழைய வேண்டும். வெளிவிட்டம் 26 போதும். 6204-இன் உள்வளையம் தோளில் 28 மிமீ சொச்சம்தான். அதைத் தாண்டினால் குழாயின் முகம் ரப்பர் சீலில் உரசும். தையல் இல்லாத இரும்புக் குழாய் எடுங்கள், தண்ணீர்க் குழாய் வேண்டாம். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஹேக்ஸாவில் அறுத்து அரம் போட்ட குழாயை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், லேத்தில் ஒரே பிடியில் முகம் எடுக்க வேண்டும்.

வெளி ஸ்பேசர்களையும் மறந்துவிடாதீர்கள். அவையும் 17 மிமீ ஓட்டைக்கானவை. புதிதாகக் கடைந்து, டிஸ்க் காலிபருக்கு நடுவில் நிற்கிறதா, ரிம் இரண்டு ஃபோர்க் காலுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

சேலம் சர்வீஸ்:
அண்ணா, குறுக்கே கேட்கிறேன். எதற்கு இவ்வளவு வேலை? பெரிய பேரிங்கில் சின்ன ஆக்ஸில் வந்தால் புஷ் போடுவதுதானே வழக்கம்? 17-இல் 15 என்றால் 1 மிமீ சுவர். நாங்கள் நிறையப் போட்டிருக்கிறோம், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பீளமேடு லேத்:
ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1 மிமீ சுவர் உள்ள புஷ்ஷை இரண்டு பக்கமும் துல்லியமாகக் கடைவது கஷ்டம். கொஞ்சம் லூஸ் என்றால் ஆக்ஸில் மேல் அது தவழ ஆரம்பிக்கும். வழியில் டயரைக் கழற்றும்போது எங்கோ விழுந்துவிடும், அதைப் பற்றித் தெரியாத ஆள் அது இல்லாமலே மாட்டிவிடுவார். போட்டே ஆக வேண்டும் என்றால் தனி வளையமாகப் போடாமல், வெளி ஸ்பேசரோடு ஒரே துண்டாகத் தொப்பி மாதிரிக் கடையுங்கள். அப்போது விழவும் விழாது, மறக்கவும் முடியாது.

சேலம் சர்வீஸ்:
தொப்பி யோசனை நல்லது. ஒத்துக்கொள்கிறேன், இனி அப்படியே செய்கிறேன்.

திருச்சி பேரிங் கடை:
ராயபுரம் தம்பிக்கு அடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழைய ஹப்பின் குழியைப் பாருங்கள். பழைய பேரிங் உள்ளே சுற்றியிருந்தால் குழி பளபளவென்று தேய்ந்திருக்கும். புதுப் பேரிங் குளிர்ந்த ஹப்பில் கையாலேயே உள்ளே போய்விட்டால் அந்தக் குழி முடிந்தது என்று அர்த்தம். சென்டர் பஞ்ச் வைத்து அங்கங்கே குத்தி மேடு எழுப்புவார்கள். அது பேரிங்கைச் சில புள்ளியில்தான் பிடிக்கும், கொஞ்ச நாளில் மறுபடியும் லூஸ். மெல்லிய தேய்மானத்துக்குப் பேரிங்குக்கென்றே வரும் ஒட்டும் திரவம் உண்டு. அதற்கு மேல் என்றால் குழியைப் பெரிதாக்கிப் புஷ் அடிக்க வேண்டும், அல்லது வேறு ஹப் தேட வேண்டும்.

குழி சரியாக இருந்தால் பேரிங்கைக் கவரோடு இரவு ஃப்ரீசரில் வையுங்கள். ஹப்பை ஹாட் ஏர் கன்னில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்குங்கள். ஒரு சொட்டு தண்ணீர் விட்டுச் சீறி ஆவியானால் 100-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அலுமினியம் விரியும், பேரிங் கிட்டத்தட்ட தானாகவே இறங்கும். தட்ட வேண்டியிருந்தால் வெளிவளையத்தில் மட்டும்தான். பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம். உள்வளையத்தில் ஒரு அடி விழுந்தாலும் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும், பள்ளத்தில் குண்டின் தடம் பதிந்துவிடும். டிஸ்க் பக்கம் பேரிங்கை அடி தொடும்வரை இறக்கி, குழாயைப் போட்டு, அந்தப் பக்கப் பேரிங்கைக் குழாயைத் தொடும்வரை இறக்குங்கள். தொட்டதும் நிறுத்துங்கள்.

வாங்கியது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதுதானே? 2ஆர்எஸ் என்று இருக்கும். இசட்இசட் என்றால் தகர மூடி, அது தூசி தடுக்கும், மழை தடுக்காது. சென்னை மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டுகிறவர்களுக்கு ரப்பர்தான். சி3 என்று இருந்தால் உள்ளே குண்டுகளுக்கான இடைவெளி கொஞ்சம் கூடுதல்: 20 மிமீ ஓட்டைப் பேரிங்கில் சாதாரணத்துக்கு 5 முதல் 20 மைக்ரான், சி3-க்கு 13 முதல் 28. ஹப்பில் இறுக்கமாக உட்காரும்போது அந்த இடம் சுருங்கும், அதனால் இறுக்கமான குழிக்கு சி3 நல்லது. குழி நடுத்தரம் என்றால் சாதாரணமே போதும்.

போலி பேரிங் சந்தையில் நிறைய. எஸ்கேஎஃப், என்பிசி, ஃபாக் எதுவானாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். பேரிங்கில் பொறித்த எழுத்து விரல் நகத்தில் சுரண்டினால் போகக் கூடாது.

மதுரை கோட்டம்:
நான் ஸ்போக்ஸ் வீல் கட்டுகிறவன். கதிர் தம்பியை எல்லோரும் கைவிட்ட மாதிரித் தெரிகிறது, அதனால் ஒரு வழி சொல்கிறேன். ஹப்பை விடுங்கள், ரிம்மை எடுங்கள். புது வண்டியின் ஹப், டிஸ்க், சென்சார், பேரிங் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அப்பாவின் ரிம்மை அதில் கோத்துக் கட்டலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ரிம்தானே.

அதற்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ரிம்மிலும் ஹப்பிலும் ஓட்டை எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா? இரண்டு, நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்) ஓட்டையின் சாய்வு. டிரம் ஹப் பெரிய வட்டம், அங்கிருந்து கம்பி வருகிற கோணம் வேறு. டிஸ்க் ஹப் சின்ன வட்டம். பெரிய ஹப்புக்காகக் குத்திய ரிம்மைச் சின்ன ஹப்பில் கட்டினால் நிப்பிளின் கழுத்தில் கம்பி வளைந்து வெளியே வரும். அந்த வளைவில்தான் கம்பி முறியும். மூன்று, ரிம்மின் அகலம். ரிம்மில் என்ன பொறித்திருக்கிறது என்று கம்பித் துணியால் தேய்த்துப் படித்துச் சொல்லுங்கள்.

சிவகங்கை கதிர்:
தேய்த்துப் பார்த்தேன். இரண்டு ரிம்மிலும் டபிள்யூஎம்2-19 என்று இருக்கிறது. 40 ஓட்டை. ஹப்பை இன்னும் எண்ணவில்லை.

மதுரை கோட்டம்:
டபிள்யூஎம்2 என்றால் 1.85 இஞ்ச் அகலம். பழைய 3.25-19 டயருக்கு அது சரி. உங்கள் புது வண்டியின் முன் டயர் 100/90-19. அதற்குக் குறைந்தபட்சம் 2.15 இஞ்ச் ரிம் வேண்டும். 1.85-இல் போட்டால் ஏறிவிடும், காற்றும் நிற்கும். ஆனால் டயரின் கன்னம் உள்ளே இழுபட்டு, மேல் பகுதி கூர்மையாகிவிடும். வளைவில் சாயும்போது டயர் தன் வடிவில் இருக்காது.

90/90-19 என்றால் 1.85 ரிம்மில் போடலாம், அதன் கடைசி எல்லை அதுதான். ஆனால் உயரம் குறையும். 100/90-19-இன் விட்டம் 663 மிமீ வருகிறது, 90/90-19-க்கு 645. கிட்டத்தட்ட 3 சதவீதம் குட்டை.

ஒரகடம் வாசி:
அந்த 3 சதவீதம் ஏபிஎஸ் பெட்டிக்கும் போகும். பின் டயர் அப்படியே இருக்க, முன் டயர் மட்டும் குட்டையானால் முன் வீல் எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஒரு குறிப்பிட்ட அளவு வித்தியாசம் வரை பெட்டி பொறுத்துக்கொள்ளும்படிதான் செய்திருப்பார்கள், தேய்ந்த டயரும் இருக்குமே. ஆனால் அந்த இடத்தை நாமே பாதி தின்றுவிட்டால், டயர் தேயும்போது என்ன மிச்சம்? தயாரிப்பாளர் சொன்ன டயர் அளவை விட்டு நகராதீர்கள் என்பதுதான் என் கருத்து.

சேலம் சர்வீஸ்:
பின் வீல் பற்றி யாரும் பேசவில்லையே?

பீளமேடு லேத்:
பேச அதிகமில்லை. பழைய புல்லட்டில் பின் டிரம்மும் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல் சக்கரமும்) ஒரே வார்ப்பு. டிரம்மின் விளிம்பிலேயே 38 பல் வெட்டியிருக்கும். பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டிய அமைப்பு. செயின் அளவு, செயின் ஓடும் கோடு, ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்கும் கை) அகலம், டிஸ்க் காலிபர், எதுவும் ஒத்துவராது.

மதுரை கோட்டம்:
விட்டம் மட்டும் வேடிக்கையாகப் பொருந்தும். பழைய 3.25-19 சுமார் 648, புது 120/80-18 சுமார் 649. இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டயரின் பக்கத்தில் உள்ள பார எண்ணைப் பாருங்கள். பழையதில் 54 என்றால் 212 கிலோ, புதியதில் 62 என்றால் 265 கிலோ. பின்னால் ஆளை ஏற்றி, மூட்டையும் கட்டினால் அந்த 53 கிலோ வித்தியாசம் சின்னதல்ல.

சிவகங்கை கதிர்:
சரி. புரிந்துவிட்டது. மெக்கானிக் பேச்சைக் கேட்டு நேராகப் பேரிங் வாங்கப் போயிருப்பேன். புது வண்டியில் கை வைக்கவில்லை. அப்பா வண்டியின் ஆர்சி புத்தகம் இன்னும் இருக்கிறது, எஞ்சினும் இருக்கிறது. சேஸிஸ்தான் இற்றுப்போனது. அதைச் சரிசெய்ய வழி இருந்தால் வீல்கள் அவை இருக்க வேண்டிய இடத்துக்கே போய்விடும். வக்கீல் சார், சேஸிஸ் மாற்றினால் ஆர்சியில் என்ன செய்ய வேண்டும்?

மாவட்ட நீதிமன்றம் பக்கம்:
முன் அனுமதி இல்லாமல் சேஸிஸில் கை வைக்காதீர்கள். வண்டியின் அடையாளமே சேஸிஸ் எண்தான். முதலில் இற்றது எந்த இடம் என்று நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எண் பொறித்த தலைப் பகுதி நன்றாக இருந்து, பின்னால் உள்ள குழாய்கள் மட்டும் போயிருந்தால் அது பழுது பார்ப்பது. முழுச் சேஸிஸும் மாறுவது வேறு கதை, அதற்கு ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் வேலை.

பீளமேடு லேத்:
படத்தைப் போடுங்கள் தம்பி, நானும் பார்க்கிறேன். அந்த வீல்களின் பேரிங்கையும் இப்போதே கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் நின்ற பேரிங்கில் அடிப்பக்கக் குண்டுகள் உட்கார்ந்த இடத்தில் துரு குழி போட்டிருக்கும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, உள்வளையத்தை விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருடினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதே நம்பரில் புதிது போடலாம். அங்கே நம்பர் மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

ராயபுரம் ரைடர்:
என் வேலை முடிந்தது. ஹப்பின் குழி நன்றாக இருந்தது, கையால் இறங்கவில்லை. குழாயை ராயபுரத்திலேயே ஒரு லேத்தில் கடைந்து வாங்கினேன், நீங்கள் சொன்ன கணக்கில் படித் தூரத்தை விட 0.15 கூடுதல். வெளி ஸ்பேசர் இரண்டும் புதிது. ஆக்ஸிலை இறுக்குவதற்கு முன்னும் பின்னும் வீலைச் சுற்றிப் பார்த்தேன், ஒரே மாதிரி லேசாகச் சுற்றுகிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. மகாபலிபுரம் வரை போய் வந்து ஹப்பைத் தொட்டேன். டிஸ்க் பக்கம் சூடு, மறு பக்கம் கை வைக்கும் அளவுதான்.

ரிம் மட்டும் பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆடுகிறது. பரவாயில்லையா?

மதுரை கோட்டம்:
பல சர்வீஸ் புத்தகங்களில் 2 மிமீ வரை விடுகிறார்கள், அதனால் இப்போது ஓட்டலாம். ஆனால் இரண்டாம் கை வீல், கம்பிகள் எந்தக் காலத்தில் கட்டியதோ. ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். நன்றாக இழுத்த கம்பி கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். மொத்தென்று சொல்கிற கம்பிகளை மட்டும் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள், ஒரேயடியாக இழுக்காதீர்கள். கோட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். நிப்பிள் திரும்பாமல் துருப்பிடித்து நின்றால் வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம், எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள்.

பீளமேடு லேத்:
500 கிமீ ஓடிய பிறகு ஆக்ஸில் நட்டையும் டிஸ்க் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரில்) ஒரு முறை பார்த்துவிடுங்கள். அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.